அக்காவின் அறிக்கையில் இருந்த ஒரு வரி

ஐந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆவணி மாதம். மன்னார்குடியிலிருந்து அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மார்பில் கட்டி என்று எடுத்த பயாப்சியின் அறிக்கையை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். "முப்பது வருஷமா பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு விலங்கியல் நடத்துறியே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுடி" என்றாள்.

புற்றுநோய் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்குக் கீழே, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை என்று இரண்டு வரிகள். மூன்றாவது வரியில் 'ஹெர்-2: 2+' என்று இருந்தது. அந்த வரிக்கு எனக்குப் பொருள் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, காப்பி போடப் போனாள்.

அன்றிரவு தொடங்கிய படிப்பை நான் இன்னும் நிறுத்தவில்லை. ஏற்பி என்றால் என்ன என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. அதில் பதிந்திருக்கும் புரதம் ஒருவகை ஏற்பி. வெளியிலிருந்து ஹார்மோனோ வளர்ச்சிக் காரணியோ வந்து அதில் பொருந்தினால் உள்ளே செய்தி போகும். பூட்டும் சாவியும் என்று கரும்பலகையில் படம் போடுவேன். அந்தப் படத்தில் பூட்டு எப்போதும் ஒன்றுதான். ஆனால் அக்காவின் நோயைப் புரிந்துகொள்ள ஒற்றைப் பூட்டின் படம் உதவவில்லை. ஹெர்-2 போன்ற ஏற்பிகள் தனியாக நின்று செய்தி சொல்வதில்லை. ஜோடி சேர்ந்தால்தான் அவற்றுக்குப் பேச்சு வரும். யாரோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து என்ன பேசும் என்பதும் மாறும்.

சவ்வு என்றதும் பலர் சுவரை நினைத்துக்கொள்கிறார்கள். அது கெட்டியான சுவர் அல்ல. எண்ணெய் போல இளகிய ஒரு படலம். 1970-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிரை, எடிடின் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் செல் ஒன்றையும் மனிதச் செல் ஒன்றையும் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினார்கள். எலியின் சவ்வுப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு இன்னொரு நிறம். முதலில் பாதிக்குப் பாதி பிரிந்து நின்ற நிறங்கள், உடல் வெப்பநிலையில் வைத்தபோது சுமார் 40 நிமிடங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சவ்வில் பதிந்த புரதங்கள் இடம்விட்டு இடம் நகர்கின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. குளத்தில் மிதக்கும் அல்லி இலைகளைப் போல நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் ஓர் ஏற்பி இன்னொன்றைச் சந்திக்க முடிகிறது.

எல்லா ஏற்பிகளும் இப்படித் தேடிப் போய்ச் சேர்வதில்லை. இன்சுலின் ஏற்பி பிறவியிலேயே ஜோடி. அதன் இரு பாதிகளும் கந்தகப் பிணைப்பால் கட்டுண்டே செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. நம் நாக்கில் இனிப்பை அறிகிற ஏற்பியும் இரண்டு வேறு புரதங்கள் சேர்ந்ததுதான். அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு புரதத்தோடு சேர்த்தால், அதே ஏற்பி இனிப்பை விட்டுவிட்டு அமினோ அமிலங்களின் சுவையை, காளான் குழம்பில் நாம் ருசிக்கும் அந்த ஊன்சுவையை அறியத் தொடங்குகிறது. பூனைக்கு இனிப்பு ஜோடியில் ஒரு புரதத்தின் மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்குவது பாலின் கொழுப்புக்காக. சர்க்கரை அதற்குத் தெரியாது. கூட்டாளி மாறினால் சுவையே மாறுகிறது என்பதை என் மாணவிகளுக்கு இந்த உதாரணத்தை வைத்துத்தான் இப்போது சொல்கிறேன்.

அறிக்கையில் இருந்த ஹெர் என்ற ஏற்பிக் குடும்பத்துக்கு வருகிறேன். நான்கு பேர்: ஹெர்-1, ஹெர்-2, ஹெர்-3, ஹெர்-4. இந்தக் குடும்பத்தின் கதை எலிக்குஞ்சுகளின் கண்ணில் தொடங்குகிறது. ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்வேதியியலாளர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்கு ஊசியாகப் போட்டார். வழக்கமாக இரண்டு வாரத்தில் திறக்கும் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. பற்களும் சீக்கிரம் முளைத்தன. தோலை வளரத் தூண்டும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று தேடி, வளர்ச்சிக் காரணி ஒன்றைப் பிரித்தெடுத்தார். ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்த்து அவருக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரணியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் ஹெர்-1.

ஹெர்-2 வேறு வழியில் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில், எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து எடுத்த மரபணு ஒன்று நல்ல செல்களையும் புற்றுச் செல்களாக்குவதைக் கண்டார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை 1982-இல் அடையாளம் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் நாட்டைச் சேர்ந்த லட்சுமி சரண் பாதி. அந்தப் பெயரைப் படித்த இரவு எனக்கு ஒரு தைரியம் வந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. மனிதரிடம் உள்ள அதே மரபணுவுக்கு ஹெர்-2 என்று பெயர் வந்தது. 1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டென்னிஸ் ஸ்லாமன் 189 பெண்களின் மார்பகக் கட்டிகளைச் சோதித்தார். சுமார் 30 சதவீதத்தில் இந்த மரபணு ஒன்றுக்கு இரண்டாக, சிலவற்றில் இருபதுக்கும் மேலாகப் பெருகியிருந்தது. பெருகியிருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. இன்றைய கணக்கில் மார்பகப் புற்றில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ இந்த வகை.

இனி ஜோடிக்கு வருவோம். எண்பதுகளில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த யோசி யார்டனும் ஜோசப் ஷ்லெசிங்கரும் ஒரு கருத்தைச் சொன்னார்கள்: காரணி வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் சேர்கின்றன, அந்தச் சேர்க்கைதான் சவ்வுக்கு உள்ளே இருக்கும் பகுதியை எழுப்புகிறது. வெளியே கேட்கும் பகுதிக்கும் உள்ளே வேலை செய்யும் பகுதிக்கும் நடுவில், சவ்வைக் கடக்க, ஒரே ஒரு சின்னஞ்சிறு இழைதான் இருக்கிறது. அந்த இழை வழியாகச் செய்தி எப்படி இறங்கும் என்பது பெரும் புதிராக இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றாலே போதும் என்றபோது புதிர் பாதி அவிழ்ந்தது.

எப்படி நெருங்குகிறார்கள்? வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் 1992-இலேயே படம் கிடைத்துவிட்டது. ஒரே ஹார்மோன் மூலக்கூறு நடுவில் நின்று, இரு பக்கமும் ஒவ்வோர் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஹெர் குடும்பத்திலும் காரணிதான் நடுவில் பாலமாக நிற்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். 2002-இல் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு குழுக்கள் படிகத்தில் எக்ஸ்-கதிர் செலுத்திப் படம் எடுத்தபோது, அந்த எதிர்பார்ப்பு தலைகீழானது. காரணிகள் இரண்டும் வெளிப்புறத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தன. ஏற்பிகள் முதுகோடு முதுகு சேர்த்து நின்றன. ஒவ்வொன்றின் உடம்பிலிருந்தும் ஒரு கை நீண்டு அடுத்ததைப் பிடித்திருந்தது.

கை என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அதைக் கண்டவர்களே அந்த நீட்சிக்குக் கை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது ஹெர்-1 அந்தக் கையை மடக்கித் தன் உடம்போடு சேர்த்து வைத்திருக்கிறது. காரணி வந்து பொருந்தியதும் உடம்பு நிமிர்கிறது, மடக்கிய கை வெளியே வருகிறது, பக்கத்தில் வரும் இன்னோர் ஏற்பியின் கையைக் கோத்துக்கொள்கிறது. ஹெர்-3, ஹெர்-4 இரண்டுக்கும் இதே வழக்கம்தான்.

ஹெர்-2 மட்டும் வேறு பிறவி. 2003-இல் அதன் வடிவம் தெரிந்தபோது, அதற்குக் கையை மடக்கவே தெரியாது என்று புரிந்தது. எந்தக் காரணியும் வந்து பொருந்தாமலே அது நிமிர்ந்து, கையை நீட்டியபடி நிற்கிறது. இந்தக் குடும்பத்துக்கான காரணிகள் பத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஹெர்-2-இல் நேராகப் பொருந்துவதில்லை. வெளியிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் அது தானாகக் கேட்காது. யாராவது கையை நீட்டினால் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஹெர்-3 இதற்கு நேர் எதிர். அதற்குக் காது உண்டு. நியூரெகுலின் என்ற காரணியை நன்றாகவே வாங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் வேலை செய்யும் பகுதி, கைனேஸ் என்னும் நொதி, ஏறக்குறைய செத்துப்போனது. 1994-இலேயே இதைச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஒன்றுக்குக் கேட்காது, மற்றொன்றுக்கு வேலை செய்ய வராது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நான்கு பேர் குடும்பத்திலேயே மிக வலுவான ஜோடி உருவாகிறது. செல்லை வளர், பெருகு, சாகாதே என்று இந்த ஜோடி உரக்கச் சொல்வதைப் போல வேறெந்த ஜோடியும் சொல்வதில்லை.

செத்த நொதி வைத்திருக்கும் ஹெர்-3 எப்படி இதற்கு உதவுகிறது? இந்த இடத்தில் நான் பல நாள் தங்கிவிட்டேன். பதில் 2006-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் குரியன் குழுவிடமிருந்து வந்தது. உள்ளே இரண்டு கைனேஸ்களும் சரிசமமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல எதிரெதிரே நிற்பதில்லை. ஒன்றின் அடிப்பகுதி மற்றதன் தலைப்பகுதியில் போய் முட்டுகிறது. முட்டப்பட்டது வேலை செய்யத் தொடங்குகிறது. முட்டியது தள்ளிக்கொடுப்பதோடு சரி. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கிறவர் ஆட, பின்னால் நின்று ஒருவர் தள்ளவேண்டும். தள்ளுகிறவருக்கு ஆடத் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஹெர்-3 தள்ளுகிறது, ஹெர்-2 ஆடுகிறது. எழும்பிய ஹெர்-2, ஹெர்-3-இன் வாலில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அந்த வாலில், சாகாதே என்ற கட்டளையைக் கொண்டுபோகும் நொதிக்கென்றே ஆறு இடங்கள் இருக்கின்றன. ஹெர்-2-இன் வாலில் அந்த இடங்கள் இல்லை. இரண்டும் தனித்தனியாக இருந்தால் இந்தக் கட்டளை உருவாகவே உருவாகாது.

இது தெரிந்த பிறகு, ஏற்பிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்ற வாக்கியத்தின் கனம் எனக்குப் புரிந்தது. ஒன்று மற்றதன் உடம்பை வளைக்கிறது, அதன் நொதியை உசுப்புகிறது, அதன் வாலில் எழுதுகிறது.

சாதாரண மார்புச் செல் ஒன்றில் ஹெர்-2 ஏற்பிகள் சில பத்தாயிரங்கள் இருக்கும். மரபணு பெருகிய செல்லில் அது இருபது லட்சம் வரை போகும். சவ்வு முழுக்க நீட்டிய கைகள். கூட்டம் நெருங்க நெருங்க, காரணி வராவிட்டாலும் ஒன்றோடொன்று உரசிச் சேர்ந்துவிடும். அக்காவின் கட்டியில் நடந்தது இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

'2+' என்பதைச் சொல்லாமல் விட்டேன். பயாப்சித் துண்டில் ஹெர்-2-ஐத் தேடும் சாயத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். சாயம் பிடிக்காவிட்டால் 0, லேசாகப் பிடித்தால் 1+, செல்லைச் சுற்றி அழுத்தமாகப் பிடித்தால் 3+. 3+ என்றால் பாசிட்டிவ், மருந்து உண்டு. 2+ என்பது நிச்சயமில்லாத நிலை. மரபணு பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் என்னும் இன்னொரு பரிசோதனையால் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இதை எங்களுக்கு அறிக்கை கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை. அறிக்கையின் கீழேயும் எழுதவில்லை. நான் புத்தகங்களில் தேடிக் கண்டுபிடித்து, வேறொரு ஊரில் மருத்துவரைப் பார்த்து, பயாப்சித் துண்டைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கி அனுப்புவதற்குள் மூன்று வாரங்கள் போய்விட்டன. ஃபிஷ் முடிவு பாசிட்டிவ். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

அக்காவுக்குக் கொடுத்த மருந்தின் பெயர் டிராஸ்டுசுமாப். அமெரிக்காவில் 1998 செப்டம்பரில் அனுமதி பெற்றது. ஹெர்-2-இன் உடம்பில், சவ்வுக்கு மிக அருகே, அடிப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் இது. காரணி வராமலே நடக்கும் சேர்க்கையை இது தடுக்கிறது. நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களையும் அந்த இடத்துக்கு அழைத்து வருகிறது. ஆனால் நீட்டிய அந்தக் கையை இது தொடுவதில்லை. நியூரெகுலின் வந்து ஹெர்-3 கையை நீட்டினால், டிராஸ்டுசுமாப் ஒட்டியிருக்கும்போதே ஹெர்-2 அதைப் பிடித்துக்கொள்ள முடியும்.

அதனால்தான் இரண்டாவது மருந்து வந்தது. பெர்டுசுமாப் நேராக அந்தக் கையின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. 2004-இல் வந்த படிகப் படத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். ஜோடி சேர்வதையே தடுப்பதற்கு ஒரு மருந்து. 808 பேர் கலந்துகொண்ட கிளியோபாட்ரா என்ற ஆய்வில், பரவிய நோய் உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாபும் கீமோவும் மட்டும் கொடுத்தபோது பாதிப்பேர் 40.8 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். பெர்டுசுமாபையும் சேர்த்தபோது அது 56.5 மாதங்களானது. பதினைந்து மாதத்துக்கும் மேல் கூடுதல் வாழ்வு. ஏற்பியின் கை எங்கே இருக்கிறது என்று படிகத்தைக் குடைந்து பார்த்தவர்களின் உழைப்பு, பதினைந்து மாதங்களாகக் குடும்பங்களுக்குத் திரும்பி வந்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அக்காவுக்கு நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாததால் இரண்டாவது மருந்து வேண்டாம் என்றார் மருத்துவர்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம், டிராஸ்டுசுமாப் ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். "மாருல கட்டி வந்ததுக்கு நெஞ்சைப் பாக்குறாங்களே, ஏன்டி?" என்று அக்கா கேட்டாள். அதற்கும் ஜோடியில்தான் பதில் இருக்கிறது. இதயத் தசைச் செல்களிலும் ஹெர்-2 இருக்கிறது. அங்கே அதன் கூட்டாளி ஹெர்-4. நியூரெகுலின் வந்து அந்த இரண்டையும் சேர்த்தால்தான் தசை தேய்மானத்தைத் தாங்குகிறது. ஹெர்-2 இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிக்கரு, இதயத்தின் உட்சுவர் வளராமல் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனதை 1995-இல் கண்டிருக்கிறார்கள். ஆக, மார்பில் கெட்டதைச் சொல்லும் அதே ஏற்பி, வேறு கூட்டாளியோடு இதயத்தைக் காக்கிறது. தொடக்க கால ஆய்வில் ஒருவகைக் கீமோவோடு இந்த மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. அதன்பிறகு அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்த்தார்கள். அக்காவிடம், "உன் இதயத்துல இருக்கற ஜோடியையும் மருந்து தொட்டுடுமோன்னு பார்த்துக்கறாங்க அக்கா" என்றேன். "அது கூடயாவது நல்ல ஜோடியா இருக்கட்டும்" என்றாள். எக்கோ கடைசிவரை சரியாகவே வந்தது.

செல்லும் சும்மா இருப்பதில்லை. ஹெர்-2-இன் நொதியை மாத்திரையால் அடக்கினால், சில புற்றுச் செல்கள் ஹெர்-3-ஐ அதிகமாகச் செய்து மேலே அனுப்பி, அடங்கிய கட்டளையை மறுபடி எழுப்பிக்கொள்கின்றன. சில கட்டிகளில் ஹெர்-2-இன் வெளிப்பகுதியே வெட்டுண்டு போயிருக்கும். எதிர்ப்புப் புரதம் ஒட்டுவதற்கே இடமிருக்காது. அதனால் ஓர் ஏற்பியை மட்டும் குறிவைக்கும் காலம் போய், அது யாரோடு சேர்கிறது என்றும் பார்த்து மருந்து செய்கிறார்கள். அந்த வழிதான் சரி என்று நானும் நம்புகிறேன்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். டிராஸ்டுசுமாப் வந்த புதிதில் நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்கள் கனவிலும் வாங்க முடியாத மருந்து. 2014-இல் பெங்களூரின் பயோகான் நிறுவனம் இதற்கு இணையான உயிரி மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வேறு நிறுவனங்களும் வந்தன. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அப்படி இருந்தும் நாங்கள் அக்காவின் ஒரு காணி நிலத்தை அடமானம் வைத்தோம். வைக்க நிலம் இல்லாதவர்களை அந்த ஊசி அறையில் பார்த்தேன். ஆறு ஊசியோடு நிறுத்திக்கொண்டு போனவர்களும் உண்டு.

அக்கா இப்போது மன்னார்குடியில் இருக்கிறாள். மார்கழியில் விடிகாலையில் எழுந்து கோலம் போடுகிறாள். நான் வகுப்பில் கரும்பலகையில் ஒரு பூட்டை மட்டும் வரைவதை நிறுத்திவிட்டேன். சவ்வில் இரண்டு ஏற்பிகளை வரைகிறேன், ஒன்றின் கையை மற்றொன்றின் கையோடு சேர்த்து.

இதைப் படிக்கும் உங்களில் யார் வீட்டிலாவது மார்பகப் புற்று என்று அறிக்கை வந்திருந்தால், அதில் ஹெர்-2 வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். 2+ என்று இருந்தால் ஃபிஷ் பரிசோதனை செய்தாயிற்றா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். பயாப்சியின் மெழுகுக் கட்டியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.